டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

உலகிற்கு உபகாரஞ் செய்த பெரியோருள் இருதிறத்தார் உளர். ஒரு திறத்தார் தாம் செய்த நன்மை இன்னதென்று தம் வாழ்நாளிலேயே கண்டு, மக்கள் வாழ்த்தக் கேட்டு மறைந்தவர். மற்றொரு திறத்தார் தாம் ஊன்றிய வித்து எத்தகைய மரமாய் ஓங்குமென்று தாமே அறியாது, நிழலையும் கனியையும் பின்வந்தோர்க்கு விட்டுச் சென்றவர். இவ்விரண்டாந் திறத்தாருள் வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னையிற் கல்வி கற்றவர்; அமெரிக்காவில் உழைத்தவர்; 1948-ஆம் ஆண்டில் இறந்தவர். அவரது சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூறுவாம்.

அதற்கு முன்னர், வாசகர்கள் நம்மோடு சிறிது தூரம் ஒட்டன்சத்திரம் வரையில் வரவேண்டுகிறோம். திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த அவ்வூரின் காய்கறிச் சந்தையை அறியாதார் இப்பக்கத்தில் இலர். முருங்கையும் தக்காளியும் வெங்காயமும் கீரையும் அங்கே மலைபோற் குவிந்து, அயல் நாடாகிய கேரளம் வரையிற் செல்கின்றன. அவற்றை விளைவிக்கும் குடியானவர் நாள்முழுதும் வெய்யிலில் நிற்கின்றனர். அவ்வெய்யிலிற் கலந்துள்ள புறஊதாக் கதிர்கள் அவர்தம் தோலினுட் புகுந்து, ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் சுருண்டு கிடக்கும் மரபிழையைத் தாக்குகின்றன. டி.என்.ஏ. என்று விஞ்ஞானிகள் வழங்குவது இம்மரபிழையையே. தாய்தந்தையரிடமிருந்து நாம் பெற்ற உடற்குறிப்பெல்லாம் நான்கு எழுத்துக்களால் இதிலே பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் அணுவினுள் இருக்கும் இழையை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளும். அதில் ஏறக்குறைய 600 கோடி எழுத்திணைகள் உள.

இத்தகைய ஏட்டில் நாள்தோறும் எழுத்துக்கள் சிதைகின்றன. வெய்யில் மாத்திரமன்று, உடலின் சூடும் நீருமே அதனைச் சிதைக்கவல்லன. அங்ஙனமாயின் நாம் உயிரோடிருப்பது எவ்வாறு? சிதைவு நேர்ந்த அப்பொழுதே, அதனைத் திருத்துதற்குப் புரதங்கள் கூட்டமாய் வந்து வேலை தொடங்குகின்றன என்பதே இதற்கு விடை. அவ்வேலைக்காரர்க்கு வேண்டும் உணவும், அவர் கையாளும் பொருளும் யாவை என்று வினவின், அவ்விரு வினாக்களும் நம்மைச் சுப்பாராவிடமே கொண்டுபோய் நிறுத்துகின்றன. அவர் இவ்வேலையைப்பற்றி ஒன்றும் அறியாமலே இறந்தார் என்பதுதான் வியப்பு.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திற் பிறந்தார். தந்தையார் பெயர் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவருள் இவர் நான்காமவர். குடும்பம் வறுமையில் உழன்றது. படிப்பில் மனஞ் செல்லாத சிறுவன், தன் 13-ஆம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாமென்று எண்ணி, உறவினனொருவனுடன் வீட்டைவிட்டு ஓடினான். இடைவழியிலேயே பிடித்துக் கொணரப்பட்டான். அன்னையார் உறுதியான உள்ளம் படைத்தவர். தம் மகன் படித்தே தீரவேண்டுமென்பது அவர் துணிபு.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் இருமுறை தவறினார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையிற் பயின்று, மூன்றாம் முறையே தேறினார். அப்பால் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்றார். அக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின் தொடர்பால் துறவில் நாட்டங்கொண்டார். அன்னை இசையவில்லை. மருத்துவங் கற்று அதன் வாயிலாகத் தொண்டு செய்க என்று மடத்துப் பெரியோரும் அறிவுறுத்தினர். ஆகவே அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார். செலவிற்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் உதவினர். 1919-ஆம் ஆண்டில் அவருக்கு விவாகம் நடந்தது.

மருத்துவக் கல்வியும் வீட்டிற் புகுந்த நோயும்

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் முழங்கிய காலம் அது. சுப்பாராவ் அந்நியத் துணியை விலக்கி, அறுவைக் கூடத்திலும் கதரங்கியே அணிந்து நின்றார். அவருடைய அறுவை மருத்துவப் பேராசிரியர் இதனை விரும்பவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்கு தேறியும், அவருக்கு முழுப்பட்டமாகிய எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். என்பதே கிடைத்தது. அதனால் அரசாங்க மருத்துவப் பதவி எட்டாததாயிற்று. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார்.

இக்காலத்தில் அவர் குடும்பத்தில் நேர்ந்த துயரமே அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றிற்று எனலாம். ஸ்ப்ரூ என்று மேனாட்டாரும், கிரகணி என்று நம் வைத்தியரும் கூறும் நோய் ஒன்றுண்டு. குடல் உணவின் சாரத்தை ஏற்கமாட்டாது கழிக்கும், நாப் புண்படும், உடல் வெளுத்து இரத்தங் குன்றும், நோயாளி உருகி மடிவான். இந்நோய்க்கு அவர் உடன்பிறந்தார் ஒருவர் இரையானார். சில நாட்களுக்குள் மற்றொருவரும் மாண்டார். பின்னர்ச் சுப்பாராவையும் அது பற்றியது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி அளித்த ஆயுர்வேத மருந்தால் அவர் பிழைத்தார். உடன்பிறந்தார் இறந்தது எதனால், தாம் பிழைத்தது எதனால் என்னும் வினா அவர் நெஞ்சில் முள்ளெனத் தைத்திருத்தல் இயல்பே. ஆங்கில மருத்துவம் கற்ற ஒருவர் தம் வீட்டு நோயின் முன் கைகட்டி நிற்க நேர்வதினுங் கொடியது யாது?

கடல் கடந்த வாழ்க்கை

வெப்பநாட்டு நோய்களைப்பற்றிப் பயில அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலைக்குச் செல்ல அவர் துணிந்தார். காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும ஸ்தாபனத்தாரும் மாமனாரும் பொருளுதவினர். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாஸ்டன் நகரை அடைந்தார். விரைவில் திரும்புவதாக எண்ணியே மனைவியைப் பிரிந்தார். ஆயின் தாய்நாட்டை மீண்டும் காணும் பேறு அவருக்கு வாய்க்கவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண்மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. தந்தை அதன் முகத்தைக் கண்டதில்லை.

பாஸ்டனில் அவருக்கு மருத்துவஞ் செய்ய உரிமை இல்லை. ஆகவே பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில் இரவு வேலையாளாய்ச் சேர்ந்து, நோயாளரின் மலசலப் பாத்திரங்களைத் துலக்கும் பணியைச் செய்தார். டாக்டர் என்று சென்னையில் மதிக்கப்பட்டவர் இரவில் இவ்வேலை செய்து, பகலிற் பயின்றார். வெப்பநாட்டு மருத்துவத்தில் தகுதிச் சான்று பெற்றபின், உயிர் இரசாயனப் பகுதியில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆசிரியரிடம் ஆராய்ச்சிக்கு அமர்ந்தார்.

பாஸ்வரமும் உயிர்ச்சக்தியும்

இரத்தத்திலும் தசையிலும் பாஸ்வரம் எவ்வளவு உளதென்று அளப்பது அக்காலத்தில் எளிதன்று. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925-ஆம் ஆண்டில் இதற்கு எளிய முறையொன்றை வெளியிட்டனர். சோதிக்கும் நீரில் மருந்துகளைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு ஆழ்ந்ததோ அவ்வளவு பாஸ்வரம் உண்டென அறியலாம். இவ்விருவர் பெயராலேயே வழங்கும் அம்முறையை உலகெங்கும் இரசாயன மாணவர் தலைமுறை தலைமுறையாய்ப் பயின்றனர்.

இவ்வளவுகோல் கையிற் கிடைத்ததும், தசையில் அதுவரை யாரும் காணாத பொருள்கள் வெளிப்பட்டன. 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் கண்டறியப்பட்டது. இங்கிலாந்திலும் ஆராய்ச்சியாளர் அதனைத் தனியே கண்டனர். 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதனைக் கண்டறிந்தார். தசை சுருங்குவது சர்க்கரைச் சத்தினின்று லாக்டிக் அமிலம் உண்டாவதனாலேயே என்று அதுவரை பெரியோர் கருதிவந்த கொள்கை இவற்றால் அசைந்தது. ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுக் கணுக்கள் தொடர்ந்து நிற்கின்றன. கடைக்கணு கழலும்போது சக்தி வெளிப்படுகிறது. நாம் நடப்பதும் நினைப்பதும், விதை முளைப்பதும் கிருமி நீந்துவதும் இச்சக்தியாலேதான். சந்தையிற் காசு எங்ஙனமோ, உயிரணுவில் ஏ.டி.பி. அங்ஙனம்.

1930-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. ஈரலிலுள்ள, இரத்தத்தை விருத்தி செய்யும் பொருள்களைப் பிரித்தெடுக்கும் கடினமான வேலையில் அவர் பல ஆண்டு உழைத்தார். 1940-இல் நியூயார்க் மாகாணத்துப் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆராய்ச்சிச் சாலையிற் சேர்ந்து, அதன் ஆராய்ச்சித் தலைமையை ஏற்றார். பழைய வினா அங்கும் அவரைத் தொடர்ந்தது.

இலையின் அமிலம்

இவ்வினாவிற்கு ஒரு விடை முன்னரே நம் நாட்டில் முளைத்திருந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ மாது 1928-ஆம் ஆண்டு முதல் பம்பாயில் தங்கி, நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இரத்தங் குன்றி வாடுவதை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் உணவுச்சாறு அவர்களைத் தேற்றியது. அச்சாற்றிலும் ஈரலிலும் உள்ள மருந்துப்பொருள் யாது? 1941-இல் அமெரிக்காவில் மூவர் நான்கு டன் பசலைக்கீரை வகையை அரைத்துப் பிழிந்து, சிறிதளவே அமிலமொன்றைப் பெற்றனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

நான்கு டன் கீரையைப் பிழிந்து ஒரு சிட்டிகை மருந்து எடுத்தால் உலகத்து நோயாளர்க்கு அது எம்மாத்திரம்? அதனைச் செயற்கையாய் ஆக்குதல் வேண்டும். சுப்பாராவின் தலைமையில் லெடர்லேயிலிருந்த கூட்டத்தார் ஈரலினின்று அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்து, அதனைச் சிதைத்து, உறுப்புக்கள் மூன்றென அறிந்து, மீண்டும் அவற்றைச் சேர்த்து 1945-இல் அமிலத்தை ஆக்கினர். அச்செய்தியை வெளியிட்ட கட்டுரையில் 16 பெயர்கள் உள. சுப்பாராவின் பெயர் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. பலருள் ஒன்றாய் நடுவில் நிற்கின்றது. தலைவரின் பெயர் அவ்விடத்தில் நிற்பது அவர் இயல்பை நன்கு காட்டும்.

மறு ஆண்டில் டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் கியூபா நாட்டில் ஸ்ப்ரூ நோயாளர்க்குச் செயற்கை ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தார். புண்பட்ட நாத் தெளிந்தது, இரத்தம் ஊறியது, எழமாட்டாதார் எழுந்தனர். சுப்பாராவின் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய் அது. மருந்து சுமார் 25 ஆண்டு தாழ்த்து வந்தது. ஆயினும், தம்பியரையும் தமையரையும் இழக்கவிருந்த வேறு வீடுகளுக்கு அது உரிய காலத்திலேயே வந்தது.

உடைப்பும் அடைப்பும்

இலையிலுள்ள அமிலத்திற்கும் மரபிழைக்கும் யாது தொடர்பு? இங்கேதான் நாம் முன்னர் விட்டுவந்த புரதக் கூட்டத்தினிடம் திரும்புகிறோம். இவ்வுண்மைகள் சுப்பாராவின் காலத்திற்குப் பிந்தியவை. மரபிழை இரட்டை முறுக்குடையது என்று வாட்ஸனும் கிரிக்கும் கண்டது 1953-இல். அது பழுதுபார்க்கப்படும் முறைகளை ஆராய்ந்ததற்காகத் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஸீஸ் சன்சார் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது 2015-இல்.

ஒட்டன்சத்திரம் வட்டாரத்துக் குளமொன்றின் கரையில் மழைக்காலத்தில் கசிவு கண்டால் ஊரார் யாது செய்வர்? கரை சுற்றுபவன் கசிவைக் கண்டு குரல் கொடுப்பான். சிலர் வந்து அவ்விடம் மெய்யாகவே கெட்டதுதானோ என்று தோண்டிப் பார்ப்பர். சிலர் இளகிய மண்ணை இருபுறமும் வெட்டி நீக்குவர். சிலர் நல்ல களிமண்ணை இட்டு நிரப்புவர். கடைசியில் ஒருவர் திமிசுகொண்டு இடித்துக் கரையை முன்போலாக்குவர். ஒருவரே இவ்வளவும் செய்தல் இயலாது. ஒருவர் வேலை முடிவதற்கும் அடுத்தவர் வேலை தொடங்குவதற்கும் இடையே நெடுநேரம் கழியவுங் கூடாது.

மரபிழையிலும் இவ்வாறே. வெய்யிலின் கதிர் அடுத்தடுத்து நின்ற இரண்டு தைமின் எழுத்துக்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டதென்க. இழை அவ்விடத்திற் கோணும். எக்ஸ்.பி.சி. என்னும் புரதம் கரை சுற்றுபவன் போல அக்கோணலை உணர்ந்து தங்குகிறது. டி.எஃப்.2.எச். என்னும் பெரிய புரதத் தொகுதி வந்து, முறுக்கை அவிழ்த்து இழைகளைப் பிரிக்கிறது. எக்ஸ்.பி.ஏ. பழுது உண்மைதானா என்று சரிபார்க்க உதவுகிறது. எக்ஸ்.பி.ஜி., எக்ஸ்.பி.எஃப். என்னும் இரண்டும் பழுதின் இருமருங்கும் வெட்ட, ஏறக்குறைய 30 எழுத்துள்ள துண்டு கழிகிறது. பாலிமரேஸ் என்னும் புரதம் எதிரிழையைப் பார்த்துப் புதிய எழுத்துக்களைக் கோக்கிறது. லிகேஸ் என்பது முனைகளைப் பொருத்தி முடிக்கிறது. இவற்றுள் ஒன்று பிறவியிலேயே குறைந்தவர், வெய்யில் பட்டமாத்திரத்தில் தோல் கன்றி, இளம்பருவத்திலேயே புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். ஏனையோர் அனைவரும் இருந்தும், ஒருவர் வராத குறையால் கரை உடைகின்றது.

வேலையாட்கட்குக் கஞ்சி வேண்டும். முறுக்கை அவிழ்க்கும் தொகுதியும், முனையைப் பொருத்தும் லிகேசும் தம் சக்திக்கு நாடுவது ஏ.டி.பி.யையே. 1929-இல் பாஸ்டனில் நீலநிறம் பார்த்து அறியப்பட்ட பொருளே இங்கு அவர்தம் கஞ்சியாகின்றது.

கஞ்சியோடு களிமண்ணும் வேண்டும். மரபிழையின் நான்கெழுத்துள் ஒன்றாகிய தைமினை உயிரணு தானே ஆக்கிக்கொள்கிறது. யுராசில் என்னும் எழுத்தின்மீது ஒரு கரியணுக் கிளையை வைத்தால் அது தைமினாகும். அக்கிளையைச் சுமந்துவந்து கொடுப்பது ஃபோலிக் அமிலத்தின் வழித்தோன்றலே. அமிலங் குறைந்தால் தைமின் குறையும். தைமின் நிற்கவேண்டிய இடத்தில் யுராசில் புகும். இது களிமண்ணுக்குப் பதில் மணலிட்டு அடைப்பதை ஒக்கும்.

யுராசில் மரபிழையிற் புகுந்தால் அதனைக் கண்டு களைதற்கென்றே ஒரு புரதம் உண்டு. லிண்டால் அதனை 1974-இல் வெளியிட்டார். அது யுராசிலைக் கிள்ளி எறியும்; மற்றொன்று அவ்விடத்தில் இழையை வெட்டும்; பாலிமரேஸ் நிரப்பும்; லிகேஸ் பொருத்தும். ஆயின் தைமின் இல்லாதபோது நிரப்புவதும் யுராசிலே. மீண்டும் கிள்ளல், மீண்டும் வெட்டல், மீண்டும் மணல். எதிரெதிர் இழைகளில் அருகருகே இங்ஙனம் வெட்டு நேருமாயின் மரபிழை இற்று இரண்டாகும். காக்க வந்தவர் செய்யும் வேலையே கரையை உடைப்பதாய் முடிகின்றது! ஃபோலிக் அமிலங் குறைந்த மக்களின் அணுக்களில் யுராசில் இலட்சக்கணக்கிற் புகுந்திருத்தலையும், குரோமோசோம்கள் முறிந்திருத்தலையும் 1997-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். எலும்பினுள்ளே இடைவிடாது பெருகவேண்டிய இரத்த அணுக்கள் இதனால் முதிராது வீங்கி மடிகின்றன. பம்பாய்ப் பெண்களின் வெளுத்த முகத்திற்கும், பீமவரத்துச் சகோதரரின் இரத்தக் குறைவுக்கும் அடியிலிருந்த காரணம் இத்தகையதே எனலாம்.

அமிலத்தின் எதிரி

ஒரு பொருளின் உபயோகத்தை அறிந்தவன் அதன் எதிரியின் உபயோகத்தையும் அறிவான். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயால் இறக்கும் சிறுவரைக் கண்டு வருந்தினார். அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்தே இல்லை. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மரணம். ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சீராக்குவதால் இவர்க்கும் நலஞ் செய்யலாமென்று கருதி, லெடர்லேயிலிருந்து வந்த அவ்வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். விளைவு மாறாயிற்று, நோய் விரைவதாகவே அவருக்குத் தோன்றியது. கட்டின்றிப் பெருகும் அணுக்களுக்கும் அவ்வமிலமே உணவு என்பது தெளிந்தது.

இக்கசப்பான பாடத்தினின்று ஒரு நற்கருத்துப் பிறந்தது. அமிலத்தைப் போலவே உருவுடையதாய், ஆனால் அதன் வேலையைத் தடுப்பதாய் ஒரு பொருள் இருப்பின் யாதாம்? சுப்பாராவின் கூட்டத்தார் அத்தகைய அமினோப்டரின் என்பதை ஆக்கியிருந்தனர். 1947-ஆம் ஆண்டின் முடிவில் ஃபார்பர் அதனைக் கொடுக்கத் தொடங்கினார். கடும் நோயுற்ற 16 சிறுவருள் 10 பேர்க்கு நோய் தணிந்ததென்று 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டார். படுத்த படுக்கையாய் இருந்தோர் எழுந்து விளையாடினர். தணிவு சில மாதங்களே நின்றது, நோய் மீண்டது. ஆயினும் இரத்தப் புற்றுநோயை மருந்தாற் பின்வாங்கச் செய்தல் கூடுமென்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. அமினோப்டரினின் தங்கையாகிய மெதோட்ரெக்ஸேட் பிற மருந்துகளோடு சேர்ந்து இன்றளவும் சிறுவரைக் காத்துவருகின்றது.

அது செய்யும் வேலை யாது? நாம் மேலே கண்ட மணல் அடைப்பே. புற்றணுவிற்குத் தைமின் கிட்டாமற் செய்து, இழை ஆக்கத்தை நிறுத்தி, அதன் பழுதுபார்க்கும் கூட்டத்தை வீண் வேலையிற் சுழலவைத்து, அவ்வணுவைத் தன் கையாலேயே அழியச் செய்வது அதன் வழிகளுள் ஒன்று. தமையனைக் கொன்ற குறையையே கருவியாக்கி, பிறர் பிள்ளையைக் கொல்லும் பகையை வெல்லலாம் என்பதை இம்மருந்தால் உலகம் கற்றது.

இவையன்றி, யானைக்கால் நோய்க் கிருமியை அழிக்கும் டை-எதில்-கார்பமஸின் என்னும் மருந்தும் அவர் தலைமைக் காலத்தில் லெடர்லேயில் உண்டாயிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிற்காலத்தில் வீடுவீடாய்க் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை இதுவே. முதுபெருங் கிழவரான பெஞ்சமின் டக்கர் மண்ணிலுள்ள நுண்ணுயிரினின்று ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டு 1948-இல் வெளியிட்டதும் சுப்பாராவின் ஆதரவிலேயே.

மறைவு

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், பெர்ல் ரிவரிலிருந்த தம் வீட்டில் உறங்கியவர் விழிக்கவில்லை. மாரடைப்பால் இறந்தாரென மருத்துவர் கூறினர். வயது 53. ஃபார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. தாய்நாடு விடுதலை பெற்று ஓராண்டு ஆகவில்லை. அமெரிக்காவில் சுமார் 25 ஆண்டு வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெறவில்லை, இந்தியராகவே இறந்தார். அவர் மனைவி காத்திருந்த காத்திருப்பு முடிவின்றி முடிந்தது. பிறர் குடும்பங்களை வாழவைத்தவரின் குடும்பம் அதற்குக் கொடுத்த விலையை நாம் மறத்தலாகாது.

உலகப் பரிசுகள் அவரை நாடவில்லை. அவர் நினைவாக 1953-இல் ஒரு பூஞ்சை இனத்திற்குச் சுப்பாரோமைசஸ் என்று பெயரிட்டனர். அவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 1995-இல் இந்திய அரசாங்கத்தார் அஞ்சல் தலை வெளியிட்டனர்.

முடிவுரை

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கவை பல. பரீட்சையில் இருமுறை தவறியவர் முயற்சியால் உயர்ந்தார் என்பதை எவரும் கூறுவர்; அதனை மாத்திரம் கூறி நிறுத்துதல் போதாது. சுப்பாராவ் தனித்து நின்று வென்றவரல்லர். ஃபிஸ்கே ஒருபுறம், பதினாறு பெயர் கொண்ட கூட்டத்தார் ஒருபுறம், பம்பாயில் லூசி வில்ஸ், கியூபாவில் ஸ்பைஸ், பாஸ்டனில் ஃபார்பர் என்று ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தமையாலேயே நோயாளி பிழைத்தான். நம் உடலினுள் புரதங்கள் செய்யும் வேலையும் இவ்வாறே நடக்கின்றது. கண்டு குரல் கொடுத்தவன் புகழ் நாடிக் காத்திரான். பொருத்தி முடித்தவன் எல்லாம் என்னாலே என்னான். அறிவுலகமும் இவ்வொழுங்கால் நிலைபெறுகின்றது.

மற்றொன்று நமக்கு மிக அணித்தாயது. ஒட்டன்சத்திரச் சந்தையிற் கட்டுக்கட்டாய் விற்கும் முருங்கைக்கீரையிலும் பிற பசுங்கீரைகளிலும் சுப்பாராவ் தேடிய அமிலம் உண்டு. அது நீரிற் கரைவது; நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி வீணாம். கருவுற்ற தாய்மார்க்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்தோடு கொடுக்கப்படும் மாத்திரையிலும் அவ்வமிலமே உளது. கருவின் மரபிழை நொடிதோறும் படியெடுக்கப்படும் காலத்தில் தைமின் குறையலாகாது என்பதனாலேயே அதனைக் கொடுக்கின்றனர். குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமற் பிறக்கும் குறையையும் அது பெரிதும் தடுக்கும். வீட்டில் அம்மாத்திரையைத் தின்னாது எறியும் தமக்கையோ மைத்துனியோ இருப்பின், அது வெறும் மாத்திரையன்று என்று எடுத்துக் கூறுதல் கற்றவர் கடமை.

மாணவ நண்பர்காள்! உச்சிவெய்யிலிற் களையெடுக்கும் குடியானவர் சுப்பாராவின் பெயரைக் கேட்டிரார். அவர் தோலின் ஒவ்வோர் அணுவிலும் கரை கட்டும் கூட்டம் இந்நொடியும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அக்கூட்டத்தின் கஞ்சியையும் மண்ணையும் நமக்கு அறிவித்தவர், அக்கூட்டம் இருப்பதையே அறியாது துயின்றார். நாம் கற்கும் கல்வியும் நாம் காணாத ஒருவர்க்கு என்றேனும் பயன்படுமென்னும் நம்பிக்கையோடு, கொண்ட பணியைச் செவ்வையாய் முடித்து அடுத்தவர் கையிற் கொடுப்போமாக.